இரண்டு வைப்பர் மோட்டர், ஒரு ஊனோ: சீட் சிமியுலேட்டருக்கு மலிவான மோட்டர் கொன்ட்ரோல்

வளைவு7

வணக்கம். சீட்டை மட்டும் அசைக்கிற இரண்டு அச்சு சிமியுலேட்டர் (முன்-பின் சாய்வு, இட-வல சாய்வு). சட்டகம் சரி, எலெக்ட்ரொனிக்ஸ்தான் இழுபடுது. இப்ப இருக்கிற சாமான்:

பஞ்சிகாவத்தையில் எடுத்த 12 வோல்ட் கார் வைப்பர் மோட்டர் 2, மோட்டரை ஓட்டுற ஐபிடி-2 போர்ட் 2 (பிடிஎஸ்7960 சிப்), ஆர்டுயினோ ஊனோ (சின்ன கொன்ட்ரோலர் போர்ட்) 1, 10 கிலோஓம் லீனியர் பொட் (கோணத்தைக் காட்டுற திருகு ரெசிஸ்டர்) 2, பெயர்ப்பலகை எல்ஈடிக்குப் போடுற 12 வோல்ட் 30 அம்பியர் பவர் சப்ளை 1. ஊனோவில் எஸ்எம்சி3 (மோட்டரைக் கட்டுப்படுத்துற புரோகிராம்), கொம்பியூட்டரில் சிம்டூல்ஸ் (கேமின் அசைவை ஊனோவுக்கு அனுப்புற மென்பொருள்). ஆளோட சேர்த்து 95 கிலோ அசையவேணும்.

பிரச்சினை மூன்று. சடாரெண்டு இடம்-வலம் திரும்பினால் சப்ளை இரண்டு செக்கன் நிண்டு திரும்ப வருது. இடைக்கிடை யூஎஸ்பி விட்டுப்போகுது. நடுவில் நிக்கேக்க ஒரு மோட்டர் நடுங்குது. போர்டில 43 அம்பியர் எண்டு போட்டிருக்கு, ஆனபடியா போர்ட் காணும் எண்டு நினைக்கிறேன். சப்ளையைப் பெரிசாக்கினால் சரிவருமோ?

மின்பாதை

தம்பி, முதலில் அந்த 43 அம்பியரை மறந்துவிடுங்கள். அது சிப் தன்னைக் காப்பாற்ற மின்னோட்டத்தை வெட்டுகிற எல்லை. தொடர்ந்து ஓடக்கூடிய அளவு அல்ல. பிடிஎஸ்7960 இன் பாதைத் தடை 25 பாகையில் 16 மில்லிஓம் அளவு, சிப் நன்றாகச் சூடானால் 30 வரை ஏறும். 15 அம்பியருக்கு 3.6 வொட் என்று தொடங்கி 7 வொட் வரை போகும். இது கடத்தலுக்கு மட்டும், சுவிட்சிங் இழப்பு வேறு. கொழும்பு வெக்கையில் மூடின பெட்டிக்குள், அந்தச் சின்ன ஹீட்சிங்கோடு, விசிறி இல்லாமல் 10 அம்பியரைத் தாண்ட விடமாட்டேன். 80 மில்லிமீட்டர் கொம்பியூட்டர் விசிறி ஒன்று இரண்டு போர்டுக்கும் காணும்.

சப்ளை நிற்பதற்குக் காரணம் இரண்டாக இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒன்று, எதிர்த்திசையில் திருப்பும் கணம். மோட்டர் சுருளின் தடை 0.5 ஓம் என்று வைப்போம். பிடித்து நிறுத்தினால் 12 ÷ 0.5 = 24 அம்பியர். ஆனால் முழு வேகத்தில் ஓடும் மோட்டரைத் திருப்பும்போது, உயர்தரப் புத்தகத்தில் பின் மி.இ.வி. (சுழலும் மோட்டர் தானே உண்டாக்கும் எதிர் வோல்ட்டேஜ்) என்று படித்தோமே, அது சப்ளையோடு சேர்ந்துகொள்கிறது. 10 வோல்ட் பின் மி.இ.வி. இருந்தால் (12 + 10) ÷ 0.5 = 44 அம்பியர். இரண்டு மோட்டரும் ஒன்றாகத் திரும்பினால் 88. 30 அம்பியர் சப்ளை நிற்காமல் என்ன செய்யும்?

இரண்டு, பிரேக். பிடபிள்யூஎம் (மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் துடிப்பு) சட்டென்று குறையும்போது மோட்டர் ஜெனரேட்டர் ஆகிவிடும். பிடபிள்யூஎம் முழுக்கப் பூச்சியமானால் போர்டின் இரண்டு கீழ் மொஸ்ஃபெட்டும் (மின்னணு சுவிட்ச்) மோட்டரை ஷோர்ட் பண்ணும், சக்தி சுருளிலேயே சூடாகிப் போய்விடும். சிக்கல் இடைப்பட்ட பெறுமானங்களில்தான். அப்போது மோட்டரின் இண்டக்டன்ஸும் எச்-பிரிட்ஜும் (நாலு மொஸ்ஃபெட்டால் திசை மாற்றும் சுற்று) சேர்ந்து பூஸ்ட் கொன்வேர்ட்டர் போல வேலைசெய்து வோல்ட்டேஜை மேலே தள்ளும். எல்ஈடி சப்ளைக்கு மின்னோட்டத்தை உள்ளே வாங்கத் தெரியாது. ஓவர்வோல்ட்டேஜ் பாதுகாப்பு விழுந்து நின்றுவிடும்.

எது என்று பிரித்தறிய: ஒரு மோட்டரை மட்டும் வைத்து, ஒரு பக்கம் முழு வேகத்தில் விட்டு நடுவில் நிறுத்துங்கள். நிற்கும்போது சப்ளை விழுந்தால் பிரேக். ஓய்விலிருந்து கிளம்பும்போதோ நேரே எதிர்ப்பக்கம் திருப்பும்போதோ விழுந்தால் மின்னோட்டம்.

சுருள் தடையை மல்ட்டிமீட்டரின் ஓம் பக்கத்தில் அளக்காதீர்கள். ஒரு ஓமுக்குக் கீழே அது வயரின் தடையையும் சேர்த்துக் காட்டும். அச்சைப் பிடித்து நிறுத்தி, பெஞ்ச் சப்ளையில் 2 அம்பியர் எல்லை வைத்து, மோட்டர் முனைகளிலேயே வோல்ட்டேஜை எடுத்து இரண்டால் வகுங்கள். அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து இடத்தில் எடுங்கள். பிரஷ் (சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும்.

புறக்கோட்டை_பட்டறை

மோட்டர் பக்கம் ஒண்டு சொல்லவேணும், கனபேர் விடுற பிழை. வைப்பர் மோட்டரில் மூண்டு பிரஷ். பொது ஒண்டு, அதுக்கு நேரெதிரே மெதுவேகம், கொஞ்சம் தள்ளி வேகவேகம். சிமியுலேட்டருக்கு மெதுவேக பிரஷ்தான். வேகவேக பிரஷில் போட்டால் ஒரு திசைக்கு ஒரு வேகம், மற்றத் திசைக்கு இன்னொண்டு, பொறியும் கூட. பார்க் சுவிட்ச் (வைப்பரை ஓரத்தில் நிப்பாட்டுற சுவிட்ச்) வயரை விட்டுடுங்கோ.

பெரிய பிழை இதுதான்: கன மோட்டரில் பொது பிரஷ் உள்ளுக்குள்ள பொடியில் (மோட்டரின் உலோக உடம்பில்) எர்த் ஆகியிருக்கும். எச்-பிரிட்ஜில் மோட்டரின் இரண்டு முனையும் மாறி மாறி 12 வோல்ட்டுக்குப் போகும். மோட்டர் பொடி இரும்புச் சட்டகத்தில், சட்டகம் சப்ளையின் நெகட்டிவ்வில் எண்டால் நேரடி ஷோர்ட். இரண்டு மோட்டரும் ஒரே சட்டகத்தில் எண்டால் ஒண்டு மற்றதுக்கூடாக ஷோர்ட். மீட்டரை பஸரில் வைச்சு ஒவ்வொரு முனைக்கும் பொடிக்கும் இடையில் பாருங்கோ. சத்தம் வந்தால் மோட்டரைத் திறந்து அந்த எர்த் தகட்டை வெட்டித் தனி வயர் எடுக்கவேணும். அது ஏலாது எண்டால் நைலோன் புஷ், ஃபைபர் தகடு போட்டு சட்டகத்திலிருந்து பிரிக்கவேணும், அச்சுக் கையையும் (மோட்டர் அச்சில் பூட்டுற லீவர்) சேர்த்து.

சட்டகத்துக்கும் ஒரு சொல். சீட் சுழலும் மூட்டு ஆளின் பாரமையத்துக்குக் கிட்ட இருக்கவேணும். 20 நியூட்டன் மீட்டர் தரக்கூடிய மோட்டர் 50 மில்லிமீட்டர் கையில் 400 நியூட்டன் தரும், கிட்டத்தட்ட 40 கிலோ. சமநிலையில் நிக்கிற 95 கிலோவை அசைக்க அது காணும். தூக்கிப் பிடிக்கக் காணாது. ஆள் இருக்கேக்க மோட்டர் கையைக் கழட்டிப்போட்டு சீட் தானாக நடுவில் நிக்குதோ எண்டு பாருங்கோ. விழுந்தால் எலெக்ட்ரொனிக்ஸில் கை வைக்க முதல் மூட்டை நகர்த்துங்கோ.

வளைவு7

நன்றி அண்ணா. தடை 0.55 ஓம் வருது, நாலு இடத்தில் 0.5 முதல் 0.62 வரை. ஒரு மோட்டரின் பொது முனை பொடியில் எர்த், மற்றது இல்லை. சோதனையில் இரண்டு விதமாவும் சப்ளை விழுது: திருப்பேக்கையும் விழுது, முழு வேகத்திலிருந்து நடுவுக்கு வரேக்கையும் விழுது. கப்பாசிட்டர் கூட்டிப் போட்டால் பிரேக் பக்கம் தீருமோ?

மின்பாதை

கப்பாசிட்டரால் மட்டும் தீராது, கணக்குப் பார்ப்போம். 95 கிலோ முழுவதும் செக்கனுக்கு 0.2 மீட்டரில் போகிறது என்று எடுத்தால் 1.9 ஜூல். மூட்டைச் சுற்றிச் சுழல்வதால் உண்மையில் அதிலும் குறைவு, பெரும்பகுதியை வோர்ம் கியரும் தின்றுவிடும். பத்தில் ஒன்று திரும்பி வந்தாலும் 0.19 ஜூல். 2200 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் 12 இலிருந்து 14.5 வோல்ட்டுக்கு ஏறும்போது வாங்குவது 0.07 ஜூல். அந்த 0.19 ஐ விழுங்க 5700 மைக்ரோஃபரட் வேண்டும், ரோட்டர்களின் சுழற்சியையும் சேர்த்தால் இன்னும் கூட. ஆகவே ஒவ்வொரு போர்டின் முனையிலும் 2200 மைக்ரோஃபரட் 35 வோல்ட், லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்தது) ஒன்று கட்டாயம் (பத்து சென்டிமீட்டருக்குள்), மிச்சத்துக்கு பிரேக் ரெசிஸ்டர் (வோல்ட்டேஜ் ஏறும்போது மட்டும் லைனோடு இணைந்து சக்தியைச் சூடாக எரிப்பது).

சுற்று சின்னது. டிஎல்431 இல் 2.5 வோல்ட் ரெஃபரன்ஸ், 12 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோஓம் ஊடாக. அது எல்எம்393 (இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிடும் சிப்) இன் நெகட்டிவ் உள்ளீட்டுக்கு. மோட்டர் லைனிலிருந்து (போர்டுகளுக்குப் போகும் 12 வோல்ட்) 47 கிலோஓம், கீழே 10 கிலோஓம், நடுப்புள்ளி பொசிட்டிவ் உள்ளீட்டுக்கு. வெளியீட்டிலிருந்து பொசிட்டிவ் உள்ளீட்டுக்கு 470 கிலோஓம். வெளியீட்டை 1 கிலோஓமால் மோட்டர் லைனுக்கு மேலே இழுத்து, ஐஆர்எஃப்3205 மொஸ்ஃபெட்டின் கேட்டுக்கு (இயக்கும் முனை). ட்ரெயினில் 2.2 ஓம் 50 வொட் அலுமினிய உறை ரெசிஸ்டர், மறுமுனை லைனில். ரெசிஸ்டர் 14.5 வோல்ட்டில் பிடிக்கும் (லைனோடு இணையும்), 13.2 இல் விடும். பிடிக்கும்போது 6.6 அம்பியர், 95 வொட். கணநேரம் என்பதால் 50 வொட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் அலுமினியத் தகட்டில் இறுக்குங்கள்.

ஊனோவின் 5 வோல்ட்டால் நேரே இந்த மொஸ்ஃபெட்டை இயக்க நினைக்காதீர்கள். அது லொஜிக் லெவல் இல்லை, பாதி திறந்து எரியும். போலி ஐஆர்எஃப்3205 உம் நிறைய. கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்து 5 அம்பியர் ஓடவிட்டு ட்ரெயின்-சோர்ஸ் இடையே அளந்தால் 40 மில்லிவோல்ட் அளவு வரவேண்டும். 150 வந்தால் தூக்கிப் போடுங்கள்.

புறக்கோட்டை_பட்டறை

அண்ணே சொன்ன சுற்றில ஒரு சிக்கல் இருக்கு. எல்ஈடி சப்ளையின் ஓரத்தில் வோல்ட்டேஜ் கூட்டுற திருகு இருக்கும். வேகத்துக்காக அதை 13.8 இல் வைக்கிற ஆக்கள் இருக்கினம். அப்பிடி வைச்சால் ரெசிஸ்டர் ஒருக்கா பிடிச்சால் திரும்ப விடாது, 13.2 க்குக் கீழ இறங்காதே. 87 வொட் நிரந்தரமா எரியும். திருகை 12.0 இல் வைச்சு நெய்ல் பொலிஷால் பூட்டுங்கோ.

என்னைக் கேட்டால் ரெசிஸ்டரை விட பழைய கார் பட்டரி ஒண்டை சப்ளைக்குச் சமாந்தரமாப் போடுறது லேசு. திருப்பேக்க வாற 88 அம்பியரையும் அது குடுக்கும், பிரேக் சக்தியையும் வாங்கும்.

மின்பாதை

பட்டரியை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 12.0 வோல்ட்டில் வைத்த சப்ளைக்கு லெட்-அசிட் பட்டரி ஒருபோதும் நிறையாது, சல்ஃபேட் படிந்து கெடும். நிறைய வேண்டுமென்றால் 13.8 வேண்டும், அப்போது நீங்கள் சொன்ன சிக்கல். அதைவிட, ஷோர்ட் ஆனால் பட்டரி நூற்றுக்கணக்கான அம்பியர் தரும், எல்ஈடி சப்ளை தானாக நின்றுவிடும். ஆள் உட்காரும் இடத்துக்குக் கீழே எது வேண்டும்?

புறக்கோட்டை_பட்டறை

முனையிலேயே 40 அம்பியர் ஃபியூஸ் போட்டால் அது தீரும். சல்ஃபேட் விசயம் சரி. சோதிக்க மட்டும் பாவிக்கலாம் எண்டு வையுங்கோ.

சமிக்ஞை

திருப்பும்போது வரும் 88 அம்பியருக்கு மருந்து பெரிய சப்ளை இல்லை, ஊனோவின் கோடில் (புரோகிராமில்) இருக்கிறது. பிடபிள்யூஎம் கட்டளை ஒரே படியில் +255 இலிருந்து -255 க்குத் தாவவிடக்கூடாது. ஒரு மில்லிசெக்கனுக்கு 5 படி என்று கட்டுப்படுத்தினால் முழுத் திருப்பத்துக்கு 102 மில்லிசெக்கன் எடுக்கும். அதற்குள் மோட்டர் மெதுவாகி பின் மி.இ.வி. இறங்கிவிடும். உடம்புக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, வைப்பர் கியரே அதைவிட மெதுவானது. 5 இல் தொடங்கி, சப்ளை விழாதவரை கூட்டிப் பாருங்கள்.

பிடபிள்யூஎம் அதிர்வெண். ஊனோவில் 9, 10 ஆம் பின்கள் (இணைப்புக் கால்கள்) டைமர் 1. 3, 11 டைமர் 2. இயல்பில் 490 ஹேர்ட்ஸ், மோட்டர் கரகரக்கும். பிரிஸ்கேலரை (டைமரின் வேகத்தைக் குறைக்கும் வகுத்தி) 1 ஆக்கினால் 31.4 கிலோஹேர்ட்ஸ், ஆனால் பிடிஎஸ்7960 இன் எல்லை 25. பிரிஸ்கேலர் 8 போட்டால் 3.9 கிலோஹேர்ட்ஸ், சத்தம் கேட்கும், சிப் குளிராக இருக்கும். சத்தமே வேண்டாம் என்றால் டைமர் 1 இல் ஐசிஆர்1 ஐ (டைமர் எண்ணும் உச்சம்) 400 ஆக வைத்து பேஸ்-கரெக்ட் முறையில் 20 கிலோஹேர்ட்ஸ் எடுக்கலாம். டைமர் 2 இல் அந்த வசதி இல்லை. மாறுதல் ஒன்றுக்கு ஒரு மைக்ரோசெக்கன் எடுத்தால், 12 வோல்ட் 15 அம்பியரில் 20 கிலோஹேர்ட்ஸுக்கு 3.6 வொட் மேலதிக வெக்கை, 3.9 இல் 0.7 மட்டும். நான் 3.9 ஐத்தான் எடுப்பேன்.

இன்னொன்று. போர்டின் ஆர்பிடபிள்யூஎம், எல்பிடபிள்யூஎம் பின்களுக்குத் திசையையும் இயக்கப் பின்னுக்கு (ஈஎன்) பிடபிள்யூஎம்மையும் கொடுக்கும் வயரிங் ஒன்று சுற்றுகிறது. ஊனோவில் பிடபிள்யூஎம் பின்கள் மிச்சமாகும் என்பதால் செய்கிறார்கள். வேண்டாம். ஈஎன் கீழே போகும்போது மோட்டர் பிரேக் ஆகாமல் அலைந்து ஓடும், பிஐடி (இலக்குக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து மோட்டரைத் திருத்தும் கணக்கு) நேர்கோட்டில் நடக்காது. அதைவிட முக்கியம்: அதிக வெப்பத்தில் சிப் நின்றால் அந்த நிலையைப் பூட்டி வைத்திருக்கும், ஈஎன் கீழே போனால்தான் பூட்டு திறக்கும். ஈஎன்னில் பிடபிள்யூஎம் கொடுத்தால் கொஞ்சம் ஆறினதும் பூட்டு தானாகத் திறந்து, மறுபடி சுட்டு, மறுபடி நின்று, எரியும் வரை அதுவே நடக்கும். ஈஎன் இரண்டையும் ஒரு டிஜிட்டல் பின்னுக்குக் கொடுத்து, நிலத்துக்கு (கிரவுண்ட்) 10 கிலோஓம் போடுங்கள். சீரியல் போர்ட் திறக்கும்போது ஊனோ ரீசெட் ஆகும், அந்நேரம் பின்கள் அந்தரத்தில் நிற்கும். அந்த 10 கிலோஓம் இல்லாவிட்டால் சீட் துள்ளும்.

வளைவு7

அக்கா, நடுவில் நடுங்கிறதுக்கு?

சமிக்ஞை

மூன்று இடத்தில் பாருங்கள். பொட் எங்கே பூட்டியிருக்கிறது? கியரின் வெளி அச்சில், கையோடு சேர்ந்து சுழலவேண்டும். இடையில் இறுக்கமான கப்ளிங் வேண்டாம், அச்சு சற்று விலகியிருந்தாலும் பொட்டைத் தின்னும். பெற்றோல் ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றும் இரண்டு கிளிப்பும் காணும்.

அடுத்தது அளவீட்டின் நுணுக்கம். கை ±50 பாகை போனால் பொட்டின் 300 பாகையில் 100 தான் பாவிக்கிறீர்கள். ஊனோவின் 10 பிட் ஏடிசியில் (வோல்ட்டேஜை 1024 படி எண்ணாக்கும் பகுதி) அது 341 படி. 50 மில்லிமீட்டர் கைக்கு அது 76 மில்லிமீட்டர் பயணம், ஒரு படிக்கு 0.22 மில்லிமீட்டர். இரண்டு படி இரைச்சல் வந்தால் பிஐடி அதைத் துரத்திக்கொண்டே இருக்கும். பொட்டின் நடு முனையிலிருந்து நிலத்துக்கு 100 நானோஃபரட், ஊனோவின் பக்கத்தில். 3 படி டெட்பேண்ட் (அவ்வளவு வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது). கியர் தளர்வுக்கு, ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று போட்டால் பற்கள் ஒரே முகத்தில் நிற்கும்.

பிஐடி: அதன் மூன்று எண்களில் கேஐ பூச்சியம். கேபி ஐ நடுங்கும்வரை கூட்டி, 60 சதவீதத்துக்கு இறக்குங்கள். பிறகு கேடி ஐச் சிறிது சிறிதாக. கேடி கூடினால் இரைச்சல் பெருகும், மோட்டர் சீறும் சத்தம் வரும். அதில் நிறுத்தி ஒரு படி குறையுங்கள். ஆள் உட்கார்ந்திருக்கும்போது திருப்புங்கள், வெறும் சீட்டில் பிடித்த எண்கள் உதவாது.

பொட் தேய்ந்தால் ஏஎஸ்5600 காந்த சென்சர் போடலாம், குறுக்கே காந்தமேற்றிய 6 மில்லிமீட்டர் காந்தத்தோடு. ஐ2சி (இரண்டு வயர் தொடர்பு முறை) இல் எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி என்பதால் இரண்டை நேரே இணைக்கமுடியாது, டிசிஏ9548ஏ (வழி பிரிக்கும் சிப்) வேண்டும். நீள வயரில் ஐ2சி நம்பகமில்லை, அனலொக் வெளியீட்டை எடுங்கள். ஆனால் அப்படியே எடுத்தால் 360 பாகைக்கும் 1024 படி, உங்கள் 100 பாகைக்கு 284 தான், பொட்டை விடக் குறைவு. தொடக்க, முடிவுக் கோணத்தைப் பதிந்து 120 பாகைக்குள் சுருக்கினால் 853. அந்தக் கோணங்களை நிரந்தரமாக எரிக்க மூன்று தடவைதான் முடியும், சரி பார்த்த பிறகு எரியுங்கள்.

நடுக்கத்தைவிடப் பயப்படவேண்டியது பொட் வயர் அறுவது. நடு வயர் அறுந்தால் ஏடிசி ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், மோட்டர் முழு வேகத்தில் ஓடி முட்டும். நடு முனையிலிருந்து நிலத்துக்கு 100 கிலோஓம் போட்டால் அறுந்ததும் பூச்சியம் வரும். எஸ்எம்சி3 இல் கட்ஓஃப் எல்லைகளை உங்கள் 341 படிக்கு இரு பக்கமும் 30 படி தள்ளி வையுங்கள், தாண்டினால் மோட்டர் நிற்கும். ஆள் ஏறும் முன் ஒவ்வொரு வயராகக் கழற்றி நிற்கிறதா என்று பாருங்கள். மூன்று வயரும், இரண்டு மோட்டரும்.

மின்பாதை

யூஎஸ்பி விட்டுப்போவது பிரஷ் பொறியால். மோட்டர் முனைகளுக்கிடையே 100 நானோஃபரட் செரமிக், மோட்டரிலேயே ஒட்டுங்கள். மோட்டர் வயர் இரண்டையும் முறுக்கி, பொட் வயரிலிருந்து தள்ளி விடுங்கள். நிலம் நட்சத்திரமாக: போர்ட் ஒவ்வொன்றின் நெகட்டிவ்வும் சப்ளைக்குத் தனித்தனியே, ஊனோவின் நிலம் ஒரு வயரில் அதே புள்ளிக்கு. போர்டிலிருந்து போர்டுக்குத் தாவினால் மோட்டர் மின்னோட்டம் யூஎஸ்பி நிலத்தைத் தேடிப் போகும். அதன் பிறகும் விட்டுப்போனால் ஏடியூஎம்3160 யூஎஸ்பி ஐசொலேட்டர். பிடபிள்யூஎம் வயர்களுக்கு பிசி817 ஓப்டோ (ஒளியால் சிக்னல் கடத்தும் சிப்) போடாதீர்கள், 20 கிலோஹேர்ட்ஸுக்கு அது மெதுவு. 6என்137 சரி.

அவசர நிறுத்தம். ஏசி பக்கத்தில் வெட்டினால் சப்ளையின் கப்பாசிட்டர் இன்னும் கொஞ்சம் ஓட்டும். டிசி பக்கத்தில், 40 அம்பியர் கார் ரிலேயால் வெட்டுங்கள். ரிலேயின் முனைகளுக்கு எண் உண்டு: சப்ளை 30 ஆம் முனையில், போர்டுகள் 87 ஆம் முனையில். கொயிலை 87 இலிருந்தே எடுத்து, காளான் பட்டனின், அழுத்தாதபோது மூடியிருக்கும் கொன்டாக்ட் ஊடாக விடுங்கள். 30 க்கும் 87 க்கும் இடையே ஒரு தொடக்கப் பட்டனும் 22 ஓம் 5 வொட்டும். பட்டனை அழுத்தினால் கப்பாசிட்டர்கள் மெதுவாக நிரம்பி, 87 இல் 7, 8 வோல்ட் வந்ததும் ரிலே தானாகப் பிடித்துக்கொள்ளும். கொன்டாக்டில் பெரிய பொறி இல்லை. கரண்ட் போய் வந்தால் தானாகத் தொடங்காது, திரும்பப் பட்டனை அழுத்தவேண்டும். கொயிலுக்குக் குறுக்கே டயோட். பிரேக் ரெசிஸ்டர் சுற்று 87 பக்கம் இருக்கவேண்டும். 30 பக்கம் வைத்தால், நிறுத்தும் அந்தக் கணத்தில்தான் சக்தி போக வழியில்லாமல் போர்டுகளின் வோல்ட்டேஜ் ஏறும்.

புறக்கோட்டை_பட்டறை

வயர்: வீட்டு வயரிங்கில் போடுற 7/0.67 அசையிற இடத்துக்கு உதவாது, ஏழு கம்பிதான், வளைஞ்சு வளைஞ்சு முறியும். அசையாத இடத்துக்குச் சரி. அசையிற இடத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஓட்டோ வயர், மெல்லிய கம்பி கனக்க இருக்கிறது. மோட்டர் ஒண்டுக்கு 15 அம்பியர் பிளேட் ஃபியூஸ். சாமான் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எடுக்கலாம், எல்எம்393, டிஎல்431 கூட ரெண்டு மூண்டு மேலதிகமா எடுங்கோ.

வெள்ளவத்தை, தெகிவளை கடல் பக்க வீடெண்டால் உப்புக்காத்து போர்டைத் தின்னும். ஒட்டி, கழுவி, சோதிச்ச பிறகு மேல வார்னிஷ் ஸ்பிரே ஒரு பூச்சு. கனெக்டர்களை டேப்பால் மூடிப்போட்டு அடிக்கவேணும்.

ஐபிடி-2 ஐக் கழட்டேக்க பின்பக்க ஹீட்சிங்கையும் பாருங்கோ. சிப்பின் உலோக அடி மோட்டர் வெளியீடு. சில போர்டில் ஹீட்சிங்குக்கும் செம்புக்கும் இடையில் பூச்சு மட்டும்தான், இறுக்கினால் சுரண்டும். எம்+, எம்- ஒவ்வொண்டுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் பஸர் கத்தினால் சிலிக்கோன் பேட் போட்டுத் திரும்பப் பூட்டுங்கோ.

வளைவு7

கோடில் 5 படி எல்லை போட்டாச்சு. திருப்பேக்க சப்ளை விழுறது நிண்டுட்டு. நிறுத்தேக்க விழுறது இன்னும் இருக்கு, ரெசிஸ்டர் சுற்று ஒட்டவேணும். ஒரு கேள்வி: பஸ் வைப்பர் மோட்டர் 24 வோல்ட் கிடைக்குது, இழுவை கூட. அதுக்கு இதே போர்டோ?

மின்பாதை

பிடிஎஸ்7960 க்கு 27.5 வோல்ட் வரைதான் உறுதி. 24 இல் ஓட்டினால் பிரேக்குக்கு மிச்சம் மூன்றரை வோல்ட். அதைத் தாண்டி ஓவர்வோல்ட்டேஜ் எல்லைக்குப் போனால் சிப் தானாகக் கீழ்ப்பக்க மொஸ்ஃபெட்டை நிறுத்தி மேல்பக்க மொஸ்ஃபெட்டை இயக்கும், மோட்டர் உங்கள் கட்டளைக்கு இல்லாமல் பிடித்து நிற்கும். ரெசிஸ்டர் சுற்றை 26 இல் பிடிக்கவைத்தால் ஓடும், ஆனால் மொஸ்ஃபெட் கேட்டுக்கு 26 வோல்ட் நேரே போகக்கூடாது, 20 தான் எல்லை. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 12 வோல்ட் சீனர் டயோட் போட்டு, 1 கிலோஓமை 2.2 ஆக்கவேண்டும். மொன்ஸ்டர் மோட்டோ போர்டு வாங்கும் யோசனை இருந்தால் விடுங்கள், அதிலிருக்கும் விஎன்எச்2எஸ்பி30 இன் வேலை எல்லை 16 வோல்ட்.

முதலில் 12 இல் ரெசிஸ்டரைப் போட்டு முடியுங்கள். பெஞ்ச் சப்ளையை மோட்டர் இல்லாமல் மெதுவாக ஏற்றி, 14.5 இல் பிடிக்கிறதா, இறக்கும்போது 13.2 இல் விடுகிறதா என்று பார்த்து எண்களை இங்கே போடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் தள்ளிப்போனால் 470 கிலோஓமைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும்.

வளைவு7

பிடிக்கிறது 14.4, விடுறது 13.1.

மின்பாதை

சரி. ரிலேயின் 87 பக்கம் பூட்டுங்கள்.